ஜானகிக்கு அரைத்த மாவு

மதுரையில் கோச்சடையை விட்டு அரப்பாளையம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு லுங்கி, ஒரு சட்டை, ஒரு போர்வை. தலையிலும் புருவத்திலும் மாவு அப்படியே இருந்தது. மில்லில் மோட்டார் நின்று ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. கிளம்புவதற்கு எனக்கு அதுவே போதும். கோயமுத்தூர் பஸ் ஒன்றில் ஏறிவிட்டால் ராத்திரி ஏதாவது ஒரு வாசலில் படுத்துக்கொள்ளலாம், காலையில் நாலு இடத்தில் கேட்டால் ஒரு இடத்தில் வேலை இருக்கும். அப்படித்தான் அதுவரை என் பிழைப்பு ஓடியது.

இப்போது நான் வேலையில் இல்லை. கல்லுக்குப் பக்கத்திலேயே நின்று ஒரு காது மந்தமாகிவிட்டது, மூச்சும் முன்னைப்போல் இல்லை. கடைசியாக வேலை பார்த்த இடத்தில் குழந்தைகளுக்கான சத்துமாவை அழகான டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். அங்கே இருக்கிற இளவட்டங்கள், “அண்ணே, இந்த வேலைக்கு எப்படி வந்தீங்கன்னு எழுதிக் குடுங்களேன்” என்றார்கள். வந்ததில் பெரிய கதை ஒன்றும் இல்லை. போகாமல் நின்றதில்தான் கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்து தொடங்கினேன்.

என் பெயர் முத்திருளாண்டி. அலங்காநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கரும்பு வெட்டப் போனேன். கரும்பு ஏற்ற வந்த லாரியிலேயே கிளீனராக ஏறிக்கொண்டேன். லாரிக்காரருக்கும் எனக்கும் திருப்பூரில் சரிப்பட்டு வரவில்லை, அங்கேயே இறங்கிச் சாயப்பட்டறையில் சேர்ந்தேன். தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணானதும் மதுரைக்குத் திரும்பி, அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறை. அங்கே இடது கை நடுவிரலில் ஒரு கணு போனது. பட்டறைக்காரர் நல்ல மனுஷன், தன் செலவில் வைத்தியம் பார்த்தார். கட்டுப் பிரித்த வாரம் நான் கிளம்பிவிட்டேன். அவர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு இடத்தில் ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் அப்புறம் அந்த இடத்தில் எனக்குத் தூக்கம் வராது.

கோச்சடையில் ஒச்சம்மாக்காவின் மாவு மில்லுக்கு வந்தது அப்படித்தான். தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். அவர் புருஷன் ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டார், மில் முழுக்க இவர் கையில். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பெல்ட் மாட்டத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“அந்த விரல எங்க விட்ட?”

“லேத்துல.”

“மிச்சத்த இங்க விட்டுறாத. போயி கை காலக் கழுவிட்டு வா.”

அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

மில்லில் முன்பக்கம் இரண்டு மெஷின். ஒன்று மிளகாய், மல்லி, சீயக்காய்க்கு. இன்னொன்று மாவுக்கு. பின்கட்டில் சாக்குப் போட்டு மூடி மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது ஈர அரிசி மெஷின். தீபாவளி வந்தால் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் ஓடும், மற்ற நாளெல்லாம் தூங்கும்.

ஒச்சம்மாக்கா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. “மோட்டார் சத்தத்துக்குள்ள கத்தி என்னத்துக்கு?” என்பார். வேண்டியதை விரலால் சொல்வார். இரண்டு விரலை ஒட்டிக் காட்டினால் கல்லை இறுக்கு. விரித்தால் தளர்த்து. மூக்கைத் தொட்டால் மாவு தீய்கிறது. வாசலில் யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார், முகம் தெருப்பக்கம் இருக்கும், கை மட்டும் பின்னால் வந்து மூக்கைத் தொட்டுவிட்டுப் போகும். நான் ஓடிப்போய்ச் சக்கரத்தைத் திருப்புவேன். மாதக்கணக்கில் எனக்குக் கிடைத்த பாராட்டு, அந்தக் கை மூக்குக்குப் போகாமல் இருந்ததுதான்.

கைக்குழந்தைகளுக்கு அரைப்பதை மில்லில் ‘புள்ள மாவு’ என்போம். அதற்கென்று ஒரு முறை உண்டு. காலையில் மெஷின் போட்டதும் முதல் அரவை அதுதான். முந்தின நாள் அரைத்த கம்பு வாடையோ பருப்பு வாடையோ கல்லில் இருக்கும். அது பிள்ளை வாயில் போகக் கூடாது. கல்லை இறுக்கமாக வைக்க வேண்டும், ஆனால் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் மாவு சூடேறிக் கருகல் வாசம் வந்துவிடும். விழுகிற மாவை ஒச்சம்மாக்கா பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்ப்பார். பிறகு கீழ் உதட்டில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பார். “புள்ளைக்கு உதட்டுலதான மொதல்ல படும்” என்பார். நறநறவென்றால் இன்னொரு தரம் அரைக்க வேண்டும்.

அரைத்ததும் டப்பாவில் போட்டு மூடவும் விடமாட்டார். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து நாலு நாளில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைத் துணியில் பரப்பி, உள்ளங்கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்த பிறகுதான் டப்பா. இதற்குள் வரிசையில் நிற்கிறவர்களின் வாய் சும்மா இருக்காது.

“ஏப்பா முத்திருளு, மாவுக்கு விசிறி விடலையா?”

“தாலாட்டும் பாடுவானாம்டி. காசு தனி.”

கொண்டுவருகிற சாமானிலும் ஒச்சம்மாக்கா தலையிடுவார். ஒருமுறை தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி பத்துப் பன்னிரண்டு பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள். கேழ்வரகு, கம்பு, சோளம், கோதுமை, பயறு, பொட்டுக்கடலை, முந்திரி, பாதாம், சவ்வரிசி, இன்னும் என்னென்னவோ.

“எத்தன மாசம் தாயி புள்ளைக்கு?”

“ஏழுக்கா.”

“ஏழு மாசத்துப் புள்ளைக்கு இம்புட்டுமா? பலசரக்குக் கடைய மட்டும்தான் விட்டுட்டு வந்திருக்க. மொதல்ல கேவுறு மட்டும் குடு. ஊற வச்சு, மொளகட்டி, நெழல்ல காயப்போட்டு, லேசா வறுத்துக் கொண்டா. அது வயித்துக்குச் சேந்தா அடுத்த மாசம் பயறு. ஒண்ணொண்ணா சேரு. எது சேரலன்னு உனக்குத் தெரிய வேணாமா?”

அந்தப் பெண் முகம் சுருங்கிப் போய்ப் பொட்டலங்களைக் கட்டினாள். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். ஒச்சம்மாக்கா அவர் பக்கம் திரும்பி, “நீ சிரிக்காத. உன் மகனுக்கு நீ ஊட்டுனது இன்னும் செரிக்கல, தெருவுல படுத்துக் கெடக்கான்” என்றார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும், கதை அதில்தான் இருக்கிறது. புள்ள மாவு அரைக்கும் முன்பு கல்லைத் துடைக்க வேண்டும். கல்லில் உளியால் கொத்திய பள்ளங்களுக்குள் முந்தின நாள் மாவு பிடித்திருக்கும், துடைப்பமும் துணியும் உள்ளே போகாது. காய்ந்த தானியம் எதையாவது ஓட்டித்தான் அதைத் தள்ளி எடுக்க வேண்டும். பல மில்லில் அடுத்தவர் தானியத்தில் ஒரு கை அள்ளிப் போட்டு ஓட்டி, அதை ஒதுக்கிவிடுவார்கள். ஒச்சம்மாக்கா அப்படிச் செய்யமாட்டார். பிள்ளைக்கென்று கொண்டுவந்ததில் கை வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அதற்கென்றே தன் சொந்தச் செலவில் நல்ல சம்பாக் கோதுமை ஒரு டின் வாங்கி வைத்திருப்பார். கோதுமைதான் வாடையைச் சுத்தமாக இழுத்துக்கொண்டு போகும் என்பார். ஒரு படி ஓட்டி, விழுந்ததை மாட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பிள்ளையின் தானியம். அக்கம்பக்கத்தில் எங்கள் மில் புள்ள மாவுக்குப் பேர் வாங்கியதே அந்தக் கோதுமையால்தான்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் சுப்புராமன் வந்தார். சௌராஷ்டிரர்கள். அவர் ஜவுளிக்கடையில் வேலை, மனைவி பத்மா வீட்டில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். கோச்சடைக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சுப்புராமன் காலையில் கடைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொடுத்துவிட்டுப் போவார், சாயங்காலம் வாங்கிக்கொள்வார். தூக்கில் முளைகட்டிய கேழ்வரகும் கொஞ்சம் புழுங்கலரிசியும் இருக்கும். அதைப் போல் சுத்தமான தானியத்தை நான் பார்த்ததில்லை. ஒரு தூசி, ஒரு உமி இருக்காது.

அவர்கள் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. எல்லாம் பிறகு பத்மா சொல்லித்தான் தெரிந்தது. குழந்தை பெயர் ஜானகி. ஒன்றரை வயது தாண்டிவிட்டது, எழுந்து நிற்கவில்லை. வயிறு உப்பி, கையும் காலும் குச்சியாக, சாப்பிட்டதெல்லாம் தண்ணீராகப் போகும். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிவரை தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்ததில், கோதுமை இந்தக் குடலுக்கு ஆகாது, ஒரு துளிகூடக் கூடாது, வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றோடு அந்த வீட்டில் ரவை, மைதா, பிஸ்கட், ரஸ்க் எல்லாம் போனது. கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பார்கள் என்று தெரிந்து ரசத்தில் பெருங்காயமும் போனது. சட்டி, கரண்டி எல்லாம் புதிது. மிக்ஸியில் அரைத்துப் பார்த்திருக்கிறார்கள், குருணை நின்று குழந்தை குமட்டி வெளியே தள்ளியது. அதனால்தான் மில். கல்லைத் துடைத்துவிட்டுத்தான் இங்கே புள்ள மாவு அரைப்பார்கள் என்று கேட்டு நம்பியிருக்கிறார்கள், எதைப் போட்டுத் துடைக்கிறோம் என்று தெரியாது.

இத்தனை செய்தும் ஜானகி தேறவில்லை. இன்னும் இளைத்தது. சுப்புராமனின் அக்கா வந்து, நீ மறைச்சு எதையோ ஊட்டுற என்று பத்மாவைப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். குழந்தை டாக்டர் மதுரைக்காரர், பொறுமைசாலி. பத்மா அழுதபோது அவர் சொன்னாராம்: “நீங்க ஊட்டலன்னு நான் நம்புறேன்மா. ஆனா எங்கயோ இருந்து போயிட்டு இருக்கு. கடையில தானியம் வாங்குறதுல இருந்து வாயில வைக்கிற வரைக்கும், அது போற எடத்துக்கெல்லாம் கூடவே போய்ப் பாருங்க.”

அதனால்தான் அன்றைக்குத் தூக்கை எடுத்துக்கொண்டு பத்மாவே வந்தார். இடுப்பில் ஜானகி. குழந்தையை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். கண் மட்டும் பெரிதாக இருந்தது.

வந்தவர் முகத்தைப் பார்த்து ஒச்சம்மாக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். “உக்காரு தாயி. உன் வீட்டுக்காரரு வரலையா?”

“நான் பாக்கணும்னு வந்தேன். எப்படி அரைக்கிறாங்கன்னு.”

“பாரு பாரு. நல்லாப் பாரு. முத்திருளு, கோதுமைய எடு.”

நான் படி நிறையக் கோதுமையை அள்ளி மெஷின் வாயில் கொட்டினேன். கல் கரகரத்தது. மாவு பொலபொலவென்று விழுந்தது.

“அதென்ன அண்ணே?” என்றார் பத்மா.

“கோதுமைம்மா. புள்ளைக்கு அரைக்கணும்ல, அதான் கல்லத் துடைக்கிறோம்.”

“எப்பவும் இப்படித்தானா?”

ஒச்சம்மாக்கா பெருமையாகவே சொன்னார்: “எப்பவுமே. உன் புள்ளைக்குன்னா ரெண்டு படி ஓட்டச் சொல்லுவேன். நோஞ்சான் புள்ளன்னு உன் வீட்டுக்காரரு சொன்னாருல்ல.”

பத்மா ஸ்டூலிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், மாவுத் தூசிக்குள்ளே. பிறகு தூசியைப் பார்த்துவிட்டு, குழந்தையின் மூக்கையும் வாயையும் முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்து தெருவுக்கு ஓடினார். பின்னாலேயே ஒச்சம்மாக்கா போனார். தெருவில் நின்று பத்மா சொன்னதை மோட்டார் சத்தத்தில் நான் பாதிதான் கேட்டேன். ஒச்சம்மாக்காவின் கை பின்னால் வரும், ஏதாவது சைகை காட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அவரே உள்ளே வந்து சுவிட்சைத் தட்டினார். கல் மெதுவாகச் சுற்றி நின்றது.

“இன்னிக்கு அரவ இல்ல. எல்லாரும் போங்க” என்றார் வரிசையைப் பார்த்து.

“காலையிலேயேவா? என்னக்கா ஆச்சு?”

“போங்கன்னா போங்க.”

வாளியில் இருந்த தண்ணீரை மோந்து கை முகமெல்லாம் கழுவினார். சேலையை உதறினார். பத்மாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் கதவைச் சாத்திச் சாவியை அடுத்த சைக்கிள் கடையில் கொடுத்தேன். பையை எடுத்தேன்.

நடந்துகொண்டிருந்தபோது என்ன நினைத்தேன் என்று கேட்டால், மில் இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். விஷயம் தெருவுக்குத் தெரிந்தால் யார் புள்ள மாவு அரைக்க வருவார்கள்? அந்தக் குழந்தையின் கண்ணும் கூடவே வந்தது. இரண்டுக்கும் என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வெயில் நன்றாக ஏறிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வாசல் கடையில் ஒரு டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒச்சம்மாக்கா தலையை வெளியே நீட்டினார்.

“ஏப்பா! எங்க?”

“கோயமுத்தூருக்கு.”

“அங்க என்ன?”

“ஏதாவது வேல இருக்கும்க்கா.”

“இங்க இருக்கிற வேலய யாரு, உங்க அப்பனா வந்து பாப்பாரு? பின்கட்டு மெஷின எவன் கழட்டுறது? ஏறு.”

“டீ சொல்லிட்டேன்க்கா.”

“குடிச்சுத் தொல.”

டீக்கடைத் தண்ணீரில் தலையையும் முகத்தையும் கழுவ வைத்து, வேறு சட்டை மாற்றச் சொல்லித்தான் ஏற்றினார். ஆட்டோவில் மூன்று பேரும் குழந்தையுமாக இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். டாக்டரிடம் போய்விட்டுத்தான் வருகிறார்கள். பத்மாவின் முகம் காலையில் பார்த்ததுபோல் இல்லை. இத்தனை நாளாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே, அந்தத் தெம்பு. ஒச்சம்மாக்காதான் சிறுத்துப் போயிருந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

“டாக்டரு என்ன சொன்னாரு?” என்றேன்.

“திட்டுவாருன்னு பாத்தேன். திட்டல. தெரியாமச் செஞ்சதுன்னுட்டாரு. கல்லக் கழுவுறதெல்லாம் கதைக்கு ஆகாதாம். நாளெல்லாம் கோதும ஓடுற கல்லுல எத ஓட்டுனாலும் ஒட்டிக்கிட்டேதான் வருமாம். கல்லு வேற, மெஷினு வேற, ரூமு வேற இருக்கணும்னாரு. காத்துல பறக்குறது கூட விழக் கூடாதாம்.” முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். “நான் பாசமாத்தான் போட்டேன் முத்திருளு. ரெண்டு படி.”

அதற்குப் பத்மாதான் சொன்னார்: “அக்கா, நீங்க கொறச்சலா போட்டிருந்தா நான் பாத்திருக்கவே மாட்டேன். ஒரு கையளவு போட்டிருந்தா தூசின்னு விட்டிருப்பேன்.”

ஒச்சம்மாக்கா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஜானகியின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்தப் பகல் முழுக்கப் பின்கட்டில் வேலை. சாக்கை எடுத்து ஈர அரிசி மெஷினைக் கழற்றினேன். அதில் அரிசியைத் தவிர வேறு எதுவும் ஓடியதில்லை, ஆனாலும் ஒச்சம்மாக்காவுக்கு மனசு கேட்கவில்லை. முன்பக்க மெஷினில் பொங்கலுக்கு மாற்ற வாங்கி வைத்திருந்த புதுக் கல் ஜோடியை இதற்குப் போடச் சொன்னார். மெஷின் வாயைச் சுரண்டித் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தோம். மாவு விழுகிற துணிக்குழாயைப் புதிதாகத் தைத்தார். பின்கட்டுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. தச்சரைக் கூப்பிட்டுப் பழைய கதவு ஒன்றை நிறுத்தி, இடுக்கில் துணி அடைத்தோம். பத்மா குழந்தையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வந்து சுவரை மூன்று தரம் கழுவினார். சுங்குடி முடிச்சுப் போடுகிற விரல், ஒரு மூலையையும் விடவில்லை. பொழுது சாய்வதற்குள் புதுக் கல்லில் அரிசிக் குருணையை ஓட்டி மணல் போக்கினோம். புதுக் கல் கொஞ்ச நேரம் மணல் கக்கும், அது போகும்வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உதட்டில் வைத்துப் பார்த்து, வைத்துப் பார்த்து, ஒச்சம்மாக்காவின் உதடு வெளுத்துவிட்டது.

“இப்ப கோயமுத்தூரு பஸ்ஸு இருக்கா?” என்றார் என்னிடம்.

“இருக்கும்க்கா.”

“இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஜானகி தேறினாள். உடனே இல்லை. முதலில் வயிற்றுப்போக்கு நின்றது. அப்புறம் பசி வந்தது, அழுது கேட்டாள். வயிறு மெல்ல இறங்கியது. ஒரு நாள் சுப்புராமன் சைக்கிளை நிறுத்தாமல் மணியை அடித்துக்கொண்டே, “எந்திரிச்சு நின்னுட்டா!” என்று கத்திவிட்டுப் போனார். பிறகு வேறு ஊரிலிருந்தெல்லாம் அந்தப் பின்கட்டு மெஷினைத் தேடி ஆட்கள் வந்தார்கள். அந்த டாக்டரே அனுப்பி வைப்பார். நான் ஒச்சம்மாக்காவிடம் அவர் மில்லை மகனிடம் கொடுக்கிறவரை இருந்தேன். நடுவில் இரண்டொரு தடவை பையை எடுத்ததுண்டு, பஸ் ஸ்டாண்டுவரை போனதில்லை. எனக்கு ஒரு கல்யாணம் ஆனதும், ஒரு வீடு அமைந்ததும், இந்த வேலையை ஒரு தொழில் என்று சொல்லிக்கொள்ள முடிந்ததும் அந்தப் பகலில் செய்த வேலையால்தான். இதையெல்லாம் நன்றியோடுதான் எழுதுகிறேன். ஒச்சம்மாக்கா அன்று வேறு வழியில் மில்லுக்குத் திரும்பியிருந்தால் நான் இன்னொரு ஊரில் இன்னொரு மோட்டார் நிற்பதற்குக் காத்திருப்பேன்.

ஆனால் மறுநாள் காலையில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. குழந்தை பிழைக்குமா என்பதே தெரியாது.

விடிந்ததும் ஒச்சம்மாக்கா என்னைக் குழாயடிக்கு அனுப்பினார். தலைக்கு ஊற்றி, காதுமடலுக்குப் பின்னால் எல்லாம் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். மில்லில் போட்ட துணி எதுவும் மேலே இருக்கக் கூடாது. வேறு லுங்கி, தலையில் புதுத் துண்டு. நகத்தை நீட்டச் சொல்லிப் பார்த்தார். முந்தின ராத்திரி நான் கடையில் சாப்பிட்ட பரோட்டாவை நினைவு வைத்துக்கொண்டு, வாயையும் இரண்டு தரம் கொப்பளிக்க வைத்தார்.

“சாமி கும்புடவாக்கா போறோம்?” என்றேன்.

“பேசாம வா.”

பத்மா தூக்கோடு பின்வாசல் வழியாக வந்தார். மெஷினைப் போட்டேன். கேழ்வரகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். மாவு விழுந்தது. ஒச்சம்மாக்கா வழக்கம்போல் விரலை நீட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“நீ பாரு தாயி.”

பத்மா எடுத்து விரலில் தேய்த்தார். கீழ் உதட்டில் வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். “நல்லா இருக்குக்கா” என்றார்.

வெள்ளைத் துணியில் மாவைப் பரப்பினோம். முன்பக்கம் அதற்குள் வரிசை நிரம்பிவிட்டது. முந்தின நாள் அரைக்காமல் போனவர்களும் சேர்ந்துகொண்டார்கள், பாதிப் பேர் கையில் கோதுமைப் பை. முன்மெஷின் ஓடினால் தூசி கிளம்பும். இந்த மாவு குளிர்ந்து தூக்கை மூடும்வரை அதை ஓட்ட முடியாது.

ஒச்சம்மாக்கா என்னைக் கூப்பிட்டார். “இனிமே உனக்கு மொத வேல இதுதான். அரைச்சு முடிச்சதும் முன்வாசல்ல போயி நில்லு. தூக்க மூடுற வரைக்கும் ஒரு பய, ஒரு பை உள்ள வரக் கூடாது. எவன் கத்துனாலும் நகராத.”

நடந்தே பழகிய எனக்கு நிற்கிற வேலை கிடைத்தது. போய் நிலையில் கை வைத்து நின்றேன்.

“என்னப்பா, இன்னிக்கும் அரவ இல்லையா?”

“இருக்கு. செத்த பொறுங்க.”

“எம்புட்டு நேரம்? உள்ள என்ன கலெக்டரா வந்திருக்காரு?”

“இல்லக்கா. ஜானகிக்குச் சாப்பாடு ஆறுது.”

“எந்த ஜானகி?”

“சின்னப் புள்ள. கோதுமத் தூசி பட்டாக்கூட ஆகாது அதுக்கு.”

அந்த அம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அப்புறம் கோதுமைப் பையைத் தலையிலிருந்து இறக்கி, வாசலை விட்டுத் தள்ளித் தெரு ஓரத்தில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.